கருவிப் பித்து

எனக்கு ஒரு பித்து உண்டு. சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குச் சினிமா, சிலருக்கு ஊர்வம்பு, எனக்குக் கருவிகள். திருகாணியும் மின்கம்பியும் உள்ள எந்தப் பொருளைக் கண்டாலும் வாங்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும்; வாங்கிவிட்டால் திறந்து பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும். கதை எழுதிச் சம்பாதித்ததில் பாதி புத்தகக் கடைக்கும் பாதி இந்தப் பித்துக்கும் போயிருக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள். கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாததால் அவள் சொல்வதே சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

தர்மபுரியில் எங்கள் வீட்டு மாடியறையில் ஓர் அலமாரி இருக்கிறது. அதில் துணி இல்லை. ஒன்றின் வாய் மற்றொன்றுக்குப் பொருந்தாத பதினேழு சார்ஜர்கள், மை தீர்ந்ததும் பேச்சை நிறுத்திவிட்ட ஒரு பிரிண்டர், ஒரு பக்கம் மட்டும் பாடும் இரண்டு ஜோடி காதுக்கருவிகள், உயிருள்ளதும் இல்லாததுமாக ஆறு செல்போன்கள். “இந்த அலமாரியை அப்படியே எடைக்குப் போட்டால் ஒரு மாசப் பாலுக்கு ஆகும்” என்பது வீட்டில் அடிக்கடி கேட்கும் வசனம். ஆகவே இந்தக் கட்டுரையை இயந்திரங்களின் விரோதி எழுதியதாக வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. ராட்டையே போதும் என்று சொல்கிறவன் அல்ல நான். நம்பி வாங்கி, ஏமாந்து, மறுபடியும் நம்பி வாங்குகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். குறை சொல்ல எனக்குச் சிறிது உரிமை இருக்கிறது.

இந்தப் பித்து எனக்கு எப்படிப் பிடித்தது என்பதைச் சொன்னால்தான் என் குறை விளங்கும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் கடைத்தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. நீளவாட்டில் ஒரு மேஜை, அதன்மேல் குடல் சரிந்த நாலைந்து டிரான்ஸிஸ்டர்கள், பற்றவைக்கும் ஈயத்தின் வாசனை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போய் நிற்பேன். கடைக்காரர் என்னை விரட்டியதில்லை. ஒருநாள் மிகுந்த பயத்தோடு, “அண்ணா, இதைத் தொட்டா ஷாக் அடிக்குமா?” என்று கேட்டேன்.

“செல்லுலே ஓடுறதுப்பா, அடிக்காது. தொட்டுப் பாரு. கரண்டுலே ஓடுறதை மட்டும் நான் இல்லாதப்போ தொடாதே” என்றார்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த விஞ்ஞானக் கல்வியில் பெரும்பகுதி இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். பின்னால் கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்து, பாதியில் விட்டுவிட்டும் வந்தேன். அங்கே கற்றது அதிகம் நினைவில் இல்லை. அந்தக் காலத்துப் பெரிய ரேடியோப் பெட்டிகள் சிலவற்றில், பின்மூடியைக் கழற்றினால் உட்புறத்தில் சுற்றுப்படமே ஒட்டியிருக்கும். ‘இது கெட்டுப்போகும், கெட்டால் ஒருவர் திறப்பார், திறக்கிறவருக்கு வழி தெரிய வேண்டும்’ என்று, செய்தவர்களே எண்ணிச் செய்த பொருள்கள் அவை. கருவியும் திறந்திருந்தது, கருவியை அறிந்த மனிதரும் திறந்திருந்தார். இன்றைக்கு இவை இரண்டும் எப்படி மூடிக்கொண்டன என்பதுதான் என் கேள்வி.

முதலில் கருவியைப் பார்ப்போம். சென்ற வருஷம் என் செல்போன் பாட்டரி பாதி நாளைக்குமேல் தாங்காமல் போயிற்று. மற்றப்படி அதில் ஒரு குறையும் இல்லை. எந்தக் கம்பெனியின் போன் என்பது இங்கே வேண்டாத விஷயம். இந்த ஒரு காரியத்தில் பெரும்பாலான கம்பெனிகளும் ஒரே குணந்தான். பழைய செல்போன்களில் நகத்தால் நெம்பினால் பின்மூடி வந்துவிடும். கடையில் புது பாட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். இப்போது பின்பக்கம் கண்ணாடி. அது பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே பாட்டரியும் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. கம்பெனியின் சேவை நிலையத்தில் கேட்டேன். புது போன் விலையில் ஏறக்குறைய பாதியைச் சொன்னார்கள். “இதற்குப் புதுசே வாங்கிவிடலாமே, சார்” என்று அன்பான யோசனையும் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் இளைஞரிடம் போனேன்.

“பாட்டரி மாத்தலாங்கண்ணா. ஆனா பின்னாடி கண்ணாடியைச் சூடு காட்டித்தான் எடுக்கணும். உடைஞ்சா நான் பொறுப்பில்லீங்க” என்றார். நான் யோசித்துச் சொல்வதாகத் திரும்பிவிட்டேன்.

வரும் வழியில் ஒன்று தோன்றியது. எங்கள் மாவட்டம் 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. 2004-ல் எங்களிடமிருந்து கிருஷ்ணகிரி பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஓசூர் அதோடு போயிற்று. அந்த ஓசூர் வட்டாரத்தில் இன்று டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உறுப்புகள் செய்யப்படுகின்றன. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் அந்த வட்டாரத்து ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். உலகம் முழுவதும் விற்கும் நுட்பமான பொருளின் உடலைச் செய்யும் விரல்கள் பக்கத்து மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அதே மாதிரியான ஒரு பொருளைத் திறந்து பாட்டரி மாற்ற எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஓர் இளைஞர் பயப்படுகிறார். செய்வதற்கு நாம் வேண்டும். திறப்பதற்கு நாம் கூடாது! இது எந்த நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இது இன்று நேற்றுத் தோன்றிய நோய் அல்ல. 1924-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பல்பு உற்பத்தியாளர்கள் ஜெனீவாவில் கூடி ‘போபஸ்’ என்ற பெயரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதுவரை 1,500 மணி, 2,000 மணி என்று எரிந்துகொண்டிருந்த பல்புகளின் ஆயுளை 1,000 மணியாக்க வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சங்களில் ஒன்று. அதிக நாள் எரியும் பல்பைச் செய்த கம்பெனி அபராதம் கட்ட வேண்டும். நல்ல பொருள் செய்ததற்கு அபராதம்! இந்த ஏற்பாடு இரண்டாம் உலக யுத்தத்தில் குலைந்தது; மனோபாவம் குலையவில்லை. 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி, பாட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருள் குறைக்கிறது என்பதை ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றது. இருக்கலாம். ஆனால் அதை வாங்கினவனிடம் சொல்லவில்லை. பாட்டரியை மாற்றினால் வேகம் திரும்பிவிடும் என்று தெரியாமல், போனே கிழடாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியவர்கள் எத்தனை பேரோ! இப்படிச் சொல்லாமல் விட்டதற்காக 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் அரசு அந்தக் கம்பெனிக்கு 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். அதிக நாள் எரியும் பல்பு அதே மின்சாரத்துக்குக் குறைந்த வெளிச்சம் தரும், அது பௌதிகம். பசை போட்டு ஒட்டிய போனுக்குள் தண்ணீர் சுலபமாக நுழையாது. அது தடிமன் குறைந்தும் இருக்கும். மெல்லியதாக வேண்டும் என்று கேட்டவர்கள் நாம்தானே? கடையில் இரண்டு போனைக் கையில் கொடுத்தால் நானும் மெல்லியதைத்தான் எடுப்பேன். ஆகவே முழுப் பழியையும் கம்பெனிக்காரர்மேல் போட முடியாது. ஆனாலும் திருகாணி வைத்து, ஒரு ரப்பர் வளையம் வைத்து, தண்ணீர் புகாத கைக்கடிகாரத்தை மனிதன் எப்போதோ செய்துவிட்டான். முடியாது என்பது அல்ல. வேண்டாம் என்பதுதான் விஷயம்.

சர்க்கார்களுக்கும் இது மெல்ல உறைக்கத் தொடங்கியிருக்கிறது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில், பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன் முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாமான்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி அதற்கென ஓர் இணையதளமும் திறந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் செய்த பாட்டரிச் சட்டம், பொருளை வாங்கினவரே பாட்டரியைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது; சில விலக்குகளோடு அதற்குக் குறித்த நாள் 2027 பிப்ரவரி 18. சட்டம் பூட்டைத் தளர்த்தும் என்று நம்புவோம்.

ஆனால் சட்டத்தால் திறக்க முடியாத ஒரு பூட்டும் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன்.

என் முதல் நாவலை 2002-ல் எங்கள் ஊர் டி.டி.பி. கடை ஒன்றில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அடித்தேன். அச்சில் வந்தபோது பக்கம் அதிகம் என்று பதிப்பாளர் ஏழு அத்தியாயங்களை எடுத்துவிட்டார். அந்த ஏழும் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் பாட்டியின் பேச்சாகவே நடக்கும். அவள் மறைந்து பதினைந்து வருஷத்துக்குமேல் ஆகிறது. அந்தப் பேச்சை இன்று உட்கார்ந்து எழுது என்றால் என்னால் முடியாது. காதில் இருந்தது போய்விட்டது. புதிய பதிப்பில் அவற்றையும் சேர்க்கலாம் என்று இப்போதைய பதிப்பாளர் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வாசகர்கள் ஊகிக்கலாம். அத்தியாயங்கள் ஒரு சி.டி.யில் பத்திரமாக இருந்தன. வீட்டிலிருந்த லாப்டாப்பில் சி.டி. நுழைக்க வாய் இல்லை. மெல்லியதாக்குவதற்காக அதை எடுத்துவிட்டார்களாம்! இரவல் கருவி வாங்கித் திறந்தேன். திரையில் என் பாட்டி இல்லை. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் பைத்தியம் பிடித்தாற்போல் கலந்து நின்றன.

இதன் காரணத்தை விளக்கிவிடுகிறேன். அந்த நாளில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. எனவே நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்தார்கள். கம்ப்யூட்டர் ஆங்கிலம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்; கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஈழத்தமிழரிடையே பெரிதும் பழகிய ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். சரி, எல்லாரும் ஒரே மாதிரியாவது வரைந்தார்களா? இல்லை. ஆளுக்கு ஒரு எழுத்துரு, பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, அச்சகத்துக்கு ஒரு எழுத்துரு. நம் அரசு அலுவலகங்களில் வெகுகாலம் பழகிய ஓர் எழுத்துருவுக்கு ‘ஔவையார்’ என்றே பெயர். எங்கள் தகடூர் அதியமான் நெல்லிக்கனி கொடுத்து நெடுநாள் வாழவைத்த அதே ஔவையார்தான். அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் அந்த ஔவையும் வாய் திறக்கமாட்டாள்.

1991-ல் யூனிகோடு வந்தது. உலகத்து மொழிகளோடு தமிழுக்கும் அதில் நிலையான இடம் கிடைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்று இரண்டு முறைகளை வகுத்தது. அதற்கு முன்பே ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்து ‘திஸ்கி’ என்ற ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். 2010-ல் அரசு யூனிகோடை ஏற்றது. கூடவே ‘டேஸ்’ என்ற இன்னொரு முறையையும் ஏற்றது. இவற்றுக்கிடையே மாற்றித் தரும் கருவிகளும் உண்டு. ‘பொங்குதமிழ்’, ‘என்.எச்.எம். கன்வெர்ட்டர்’ போன்றவற்றைச் செய்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் என் தலைவிதி, எங்கள் ஊர் டி.டி.பி. கடையில் யாரோ ஒரு புண்ணியவான் தன் வசதிக்காக எழுத்துருவைக் கொஞ்சம் மாற்றி வைத்திருந்தார். எந்தக் கருவியிலும் என் அத்தியாயங்கள் அகப்படவில்லை. கடையும் இப்போது இல்லை.

அப்போதுதான், தமிழ்க் கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் கூடும் ஒரு குழுவில் என் கஷ்டத்தைச் சொல்லி உதவி கேட்டேன். பல வருஷங்களாக நான் அங்கத்தினனாக இருக்கும் குழு. செல்போனில் நடப்பது.

முதல் பதில் ஒரு நிமிஷத்தில் வந்தது. “இதையெல்லாம் முன்பே பேசியாகிவிட்டது. தேடிப் பாருங்கள்.” அடுத்தவர், “இந்தக் காலத்திலும் யூனிகோடுக்கு மாறாதவரா?” என்று வியந்தார். நான் மாறிவிட்டேன், என் பாட்டி மாறவில்லை என்று பதில் எழுத நினைத்து அடக்கிக்கொண்டேன். மூன்றாமவர் யூனிகோடு தமிழுக்குச் செய்த துரோகத்தைப் பற்றி எழுதினார். நமது 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தராமல் ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. நான்காமவர் அதை மறுத்தார். பொழுது சாய்வதற்குள் இரண்டு கட்சியும் ஒருவர் பிறந்த ஊரையும் படித்த படிப்பையும் மற்றவர் விசாரிக்கும் நிலைக்கு வந்துவிட்டன. ஒருவர் என்மேல் இரக்கப்பட்டு, “செயற்கை நுண்ணறிவிடம் கொடுங்கள், சார், அதுவே எழுதித் தரும்” என்றார். கொடுத்தேன். எழுதித் தந்தது, தங்குதடையில்லாத தமிழ்தான். ஆனால் அதில் ஒரு வாக்கியமும் என்னுடையது அல்ல. என் பாட்டி பட்டிமன்றத்தில் பேசுவதுபோல் பேசினாள். மறுநாள் விடியற்காலையில் யாரோ ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்கள். சண்டை முடிந்தது, என் கேள்வியும் முடிந்தது.

எனக்கு வந்த கோபத்தில், இந்தக் கூட்டத்தை வைத்து ஓர் அங்கதக் கட்டுரை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். அதற்கு வேண்டிய சரக்கைத் திரட்டுவதற்காக, ‘தேடிப் பாருங்கள்’ என்றாரே, அப்படியே குழுவின் பழைய செய்திகளைத் தேடினேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளி ஆசிரியர் ஏறக்குறைய என் கேள்வியையே கேட்டிருந்தார். தம் மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்த விடுகதைகளைத் தொகுத்து அடித்து வைத்திருந்தாராம். திறந்தால் தெரியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒருவர், “அடிப்படைகூடத் தெரிந்துகொள்ளாமல் குழுவில் கேட்டு மற்றவர்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்” என்று எழுதியிருந்தார். மூன்று பேர் அதைக் கட்டைவிரல் உயர்த்திப் பாராட்டியிருந்தார்கள். “சரிங்க சார், நன்றி” என்று எழுதிவிட்டு ஆசிரியர் குழுவை விட்டுப் போயிருந்தார்.

அந்தப் பதிலை எழுதியவன் நான்.

எழுதியதே எனக்கு நினைவில்லை. அன்றைக்கு எந்த அவசரமும் இருந்திருக்காது. தெரிந்தவன் என்ற மிதப்பு ஒன்றுதான் இருந்திருக்கும். அந்த விடுகதைகள் என்னவாயினவோ, எனக்குத் தெரியாது. அவர் எண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

அங்கதக் கட்டுரை அத்தோடு நின்றது. இதை எழுத வேண்டியதாயிற்று.

மனிதர்கள் முன்பு நல்லவர்களாக இருந்தார்கள், இப்போது கெட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. தொண்ணூறுகளில் மின்னஞ்சல் வழியாகக் கூடிய தமிழ் ஆர்வலர்களும் கொஞ்சமாகச் சண்டை போடவில்லை. திஸ்கியா, டாபா என்று அவர்கள் போட்ட சண்டைக்கு முன் எங்கள் குழுச் சண்டை வெறும் சிறுபிள்ளை விளையாட்டு. ஆனால் அவர்கள் கையில் ஒரு வேலை இருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சலைத் தொடங்கியிருந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, அவரும் என்னைப்போல் கதைக்காரர்தான், தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டு 1999-ல் மறைந்தார். 1998 பொங்கலன்று ஸ்விட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். முகம் பார்த்திராத மனிதர்கள் வெவ்வேறு தேசங்களில் இரவில் கண்விழித்துச் சங்க நூல்களைத் தட்டச்சு செய்து, ஒருவர் அடித்ததை மற்றவர் பிழைதிருத்தினார்கள். காசு இல்லை. பகலெல்லாம் கட்சி பேசினாலும் இரவில் பத்துப் பாட்டு ஏறியிருக்கும். எங்கள் குழுவில் கட்சி மட்டும் மிஞ்சிவிட்டது, பாட்டு ஏறவில்லை.

இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. ரேடியோ கடைக்காரர் முன்னால் நான் நின்றேன். என் அரைக்கால் சட்டையும் பயந்த முகமும் அவருக்குத் தெரிந்தன. ‘வீணாகக் கேட்காதே’ என்று அந்த முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆசிரியரின் முகம் எனக்குத் தெரியவில்லை. முகம் தெரியாத இடத்தில் கேள்வி ஒரு குறுக்கீடாகிவிடுகிறது. அறிவு ஓர் அந்தஸ்தாகிவிடுகிறது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று சேர்ந்தவன், தெரிந்ததும் வாசலில் காவல்காரனாக நின்றுகொள்கிறான். போனைப் பசைபோட்டு ஒட்டிய கம்பெனிக்காரனுக்காவது அதில் லாபம் இருக்கிறது. எனக்கு என்ன லாபம் இருந்தது?

கதை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. குழுவில் சண்டை நடந்த மூன்றாம் நாள், அதில் ஒரு வார்த்தையும் பேசாத ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். ஒரு பக்கத்தை அனுப்பச் சொன்னார். அதன் அச்சுப்பிரதி எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டார். எடுத்துவிட்ட அத்தியாயங்களுக்கு ஏது அச்சு? ஆனால் அச்சான அத்தியாயங்களும் அதே சி.டி.யில் அதே எழுத்துருவில் இருந்தன. அவற்றையும் புத்தகத்தையும் எதிரெதிரே வைத்து, எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று ஒரு பட்டியல் போட்டார். பிறகு ஏழு அத்தியாயங்களையும் மாற்றி அனுப்பினார். பத்து நாள் பிடித்தது. பணம் தருகிறேன் என்றதற்குப் பதிலே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது.

“மூன்றாம் அத்தியாயத்தில் ‘ஒப்புட்டு’ என்று ஓரிடத்தில் வருகிறது. ‘ஒப்பிட்டு’ என்பதுதான் தவறாக மாறிவிட்டதோ என்று பட்டியலைத் திரும்பச் சரிபார்த்தேன். பட்டியல் சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சொல்லா?”

ஆமாம், எங்கள் ஊர்ச் சொல்தான். மற்ற ஊர்க்காரர்கள் போளி என்பதை நாங்கள் ஒப்புட்டு என்போம். பாட்டி பண்டிகைக்கு ஒப்புட்டு சுடும் இடம் அது. இயந்திரமாக இருந்தால் பிழை என்று திருத்திவிட்டுப் போயிருக்கும். மனிதர் ஆனதால் நின்று கேட்டார். நான் ஒப்புட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

கருவிக்காரர்களிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. திருகாணி வையுங்கள், உதிரி உறுப்பை விற்றுத் தாருங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தாள் எழுதி வையுங்கள். வாங்கின பொருள் வாங்கினவனுக்குச் சொந்தமாக இருக்கட்டும். அவர்கள் தாமாகத் தரமாட்டார்கள்; சட்டமும் வாடிக்கையாளர் பிடிவாதமும் சேர்ந்துதான் வாங்க வேண்டும். ஆனால் ஆர்வலர்களாகிய நம்மிடம் நாம் கேட்டுக்கொள்வதற்குச் சட்டம் வேண்டியதில்லை. அதியமான் கதையை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். அரிய கனியைக் கண்டெடுத்தவன் அவன்; தானே தின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. கொடுத்தான் என்பதனால்தான் இன்றைக்கும் அவன் பேரைச் சொல்கிறோம்.

போன வாரம் பஸ் ஸ்டாண்ட் கடைக்கு மறுபடி போனேன். “உடைஞ்சா உடையட்டும் தம்பி, திறங்க. ஆனா நான் கூட உட்கார்ந்து பார்க்கணும்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலை நகர்த்திப் போட்டார். சூடு காட்டி, மெல்லிய தகட்டை ஓரத்தில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தார். கண்ணாடி உடையவில்லை. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.

“வீடியோ பார்த்துத்தாங்கண்ணா. யாரோ ஒரு ஆள், எந்த நாடோ தெரியலை. பாஷையும் புரியாது. கை மட்டுந்தான் தெரியும். மெதுவா, நமக்குக் காட்டுற மாதிரியே பண்ணுவாரு.”

இன்று குழுவில் ஒருவர், ‘ற’ எழுத்து வரவில்லை, எப்படி அடிப்பது என்று கேட்டிருக்கிறார். முன்பே நூறு தடவை பேசிய விஷயந்தான். அவருக்குப் பதில் எழுத வேண்டும். இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.